நான் விற்ற கார்

1

பிரான்சுக்கு வந்து இருபத்தாறு வருஷம் முடிந்த மாதத்தில், ஒரு காரை விற்பதற்காகப் புதுச்சேரிக்குப் போனேன். கார் என்னுடையது இல்லை. எனக்கு ஓட்டவும் தெரியாது. என் கணவர் ஜெயராமன் வாங்கியது. வாங்கிய நாளிலிருந்தே எனக்கு அதைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் இருக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு, நான் கண்ணைத் துடைத்துக்கொண்டே விற்றேன் என்று நினைக்க வேண்டாம்.

பாரிசுக்கு வடக்கே, ரயிலில் இருபத்தைந்து நிமிஷத் தூரத்தில், மூன்றாவது மாடியில் எங்கள் வீடு. லிஃப்ட் கிடையாது. நான் ஒரு பள்ளிக்கூடக் கந்தீனில், பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் இடத்தில், வேலை செய்கிறேன். காலையில் தலையில் வலைத் தொப்பி, பகலெல்லாம் தட்டு, சாயங்காலம் கால் வீக்கம். அவருக்கு அஞ்சல் பிரிக்கும் நிலையத்தில் வேலை. போன மார்கழியில் வேலைக்குக் கிளம்பும்போது ஷூ மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன.

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினால் மூன்று மாடி எப்படி ஏறுவார்? கீழ்த்தளத்தில் வீடு பார்த்தாக வேண்டும். சமூக உதவி அலுவலகத்துப் பெண் எங்களுக்கு வேறு சொத்து உண்டா என்று கேட்டாள். இந்தியாவில் ஒரு கார் இருக்கிறது என்றேன். எந்த வருஷத்துக் கார் என்றாள். ஐம்பத்திரண்டு என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு ஒரு தாளை என் பக்கம் தள்ளி, "மதாம், எண்ணில் எழுதிக் காட்டுங்கள்" என்றாள். இருபத்தாறு வருஷமாக எழுபதுக்கு மேற்பட்ட எண்களை நான் பிரெஞ்சில் தப்பாகத்தான் சொல்கிறேன். ஐம்பத்திரண்டு எனக்குச் சரியாக வரும். எழுதிக் காட்டினேன். அப்போதும் அவள் நம்பவில்லை.

2

அமெரிக்கக் கார். இடது பக்கம் ஸ்டீயரிங். முத்தியால்பேட்டையில் எங்கள் மாமனார் வீட்டுத் தெருவில் அதைத் திருப்ப முடியாது, அவ்வளவு நீளம். வெள்ளைக்காரர் காலத்தில் கடற்கரைப் பக்கத்து நொத்தேர் ஒருவர் வைத்திருந்தார். நொத்தேர் என்றால் பத்திரம் எழுதிப் பதிகிற அதிகாரி. ஜெயராமன் பையனாக இருந்தபோது அந்த வீட்டுக் கேட்டுக்கு வெளியே நின்று காரைப் பார்ப்பாராம். பல வருஷம் கழித்து நொத்தேரின் வாரிசுகள் வீட்டைக் காலி செய்தபோது கார் கொட்டகையில் கிடந்தது. சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை மட்டும் இறக்கிவிட்டு இவர் காரை வாங்கிவிட்டார். எனக்கு ஃபோனில்தான் சேதி வந்தது. "ஒரு சாமான் வாங்கியிருக்கேன்" என்றார். நான் மிக்ஸி என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆகஸ்டும் அவர் ஊருக்குப் போனார். நானும் பிள்ளைகளும் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை போவோம். எல்லாருக்கும் டிக்கெட் வாங்கக் கட்டுப்படியாகாது. கார் மாமனார் வீட்டுப் பின்கட்டில், இப்போது அவருடைய தம்பி சேகர் குடியிருக்கும் இடத்தில், தகரக் கொட்டகையில் நின்றது. காசி என்ற மெக்கானிக் வேலை பார்த்தார். அமெரிக்காவிலிருந்து உதிரி பாகங்கள் பாரிசுக்குத் தபாலில் வரும். அங்கிருந்து எங்கள் பெட்டிகளில் புதுச்சேரிக்குப் போகும். என் பட்டுப்புடவைக்குள் கார்புரேட்டரைச் சுற்றி வைத்திருந்ததைச் சென்னை விமான நிலையத்தில் பிரித்துப் பார்த்த அதிகாரி, "இது இன்னாம்மா?" என்றார். எனக்கே தெரியாது என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

ஒரு வருஷத்தை மட்டும் மறக்க மாட்டேன். வில்லியனூரில் என் அம்மா படுத்த படுக்கையாகிவிட்டார். முதுகில் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை ஒன்று வாங்கி வைத்திருந்தேன். பெட்டி எடை கூடியது. காலையில் எழுந்து பார்த்தால் மெத்தை வெளியே கிடந்தது. அது இருந்த இடத்தில் இரண்டு பிரேக் டிரம். "அடுத்த தடவ எடுத்துட்டுப் போலாம்" என்றார்.

அந்த வருஷம்தான் நான் அவரிடம் கேட்டேன். ஊருக்கே திரும்பிப் போய்விடலாம், அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன், பிள்ளைகள் அங்கே லிசே பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுப் படிப்பே படிக்கட்டும் என்றேன். நாலைந்து மாதம் கேட்டேன். "பென்சன் என்னாவறது? பைத்தியமா உனக்கு?" என்றார். நான் கேட்பதை நிறுத்தினேன். அம்மா இறந்தபோது எனக்கு டிக்கெட் கிடைத்து நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் மகளின் பெயர் சித்ரா. இங்கே எல்லாரும் ரகரத்தைத் தொண்டையில் உருட்டி அவளைச் "சித்கா" என்கிறார்கள். அவளும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். லியோனில் வேலை. அவளுக்குத் தெரிந்த தமிழ், சாப்பிடு, தூங்கு, செருப்பைக் கழற்று என்பதோடு சரி. அப்பாவுக்கோ நோய் வந்த பிறகு பிரெஞ்சு முழுவதும் போய், தமிழில் பத்து வார்த்தை மிஞ்சியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் இருவருக்கும் நடுவில் நான் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தேன். ஒரு தடவை அவர் "காரு" என்றார். சித்ரா என்னைப் பார்த்தாள். தண்ணீர் கேட்கிறார் என்று சொல்லிவிட்டேன்.

3

அவர் கையெழுத்து இல்லாமல் காரை விற்க முடியாது. கையோ வராது. அதனால் அவருக்குப் பதிலாக நான் கையெழுத்திட அதிகாரப் பத்திரம் எழுத வேண்டியிருந்தது. புதுச்சேரிப் பெரியவர்கள் அதைப் புரொக்குரேசியோன் என்பார்கள். இங்கத்து நொத்தேர் ஒருவர் மருத்துவமனைக்கே வந்தார். கட்டில் பக்கத்தில் குனிந்து, உங்கள் காரை விற்க உங்கள் மனைவிக்கு அதிகாரம் கொடுக்கிறீர்களா, சம்மதமா என்று பிரெஞ்சில் நிதானமாகக் கேட்டார்.

"வி" என்றார் ஜெயராமன்.

வி என்றால் ஆமாம். அவருக்குப் பிரெஞ்சில் மிஞ்சியது அது ஒன்றுதான்; அந்த நாட்களில் பிரெஞ்சில் என்ன கேட்டாலும் அவர் வி என்றுதான் சொல்வார். காபி வேண்டுமா, வி. வலிக்கிறதா, வி. நீங்கள் பிறந்தது சீனாவிலா, வி. இது நர்சுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், நொத்தேருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. அவருடைய இடது கட்டைவிரலைப் பிடித்து மையில் வைத்ததும் நான்தான்.

கந்தீன் லீவு விட்டதும் கிளம்பினேன். புதுச்சேரியில் வண்டிப் பதிவு செய்யும் இடத்தில் என் பத்திரங்களைப் புரட்டிய குமாஸ்தாவுக்கு என் மகன் வயதுதான் இருக்கும்.

"யாரு இது கோவிந்தசாமி?" என்றார்.

"என் மாமனார்."

"வண்டி ஜெயராமன் பேர்ல இருக்குது. கோவிந்தசாமி எழுதிக் குடுத்தா எப்பிடிம்மா செல்லும்?"

பிரெஞ்சுக் காகிதங்களில் அப்பா பெயர் குடும்பப் பெயராக முன்னால் வரும், இரண்டும் ஒரே ஆள்தான் என்று விளக்கினேன். அவர் தாளைத் திருப்பினார்.

"ஆர்சி புக்குல கையெழுத்துப் போட்டிருக்காரு. இதுல ரேகை வச்சிருக்காரு. கையெழுத்துத் தெரிஞ்சவரு எதுக்கு ரேகை வைக்கணும்?"

"பக்கவாதம் வந்துடிச்சி."

"உயிரோட இருக்காரா?"

"இருக்காரு."

"அப்ப அதுக்கு ஒரு சர்ட்டிபிகேட் குடுங்க."

"அலோர்..." என்று என் வாயில் வந்துவிட்டது. அப்படியானால் என்று அர்த்தம். பக்கத்து மேஜைப் பெண் சிரித்தாள். பாரிசில் என் பிரெஞ்சுக்குச் சிரிக்கிறார்கள், இங்கே என் தமிழுக்கு. கணவர் உயிரோடு இருக்கிறார் என்று நிரூபிக்கச் சித்ராவை விட்டுப் பாரிசிலிருந்து காகிதம் அனுப்பவைத்தேன். அதை மொழிபெயர்த்து வரச் சொன்னார்கள். இப்படியே ஐந்து தடவை நடந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் காரின் மேல் எனக்கு இருந்த வெறுப்பு கொஞ்சம் கூடியது.

4

சேகரிடம் நான் வந்த காரியத்தை மூன்றாம் நாள்தான் சொன்னேன். சோறு பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"அண்ணன் சொன்னாரா?"

"பத்திரத்துல ரேகை வச்சிருக்காரு."

"அது இல்ல அண்ணி. வாயால சொன்னாரா?"

நான் பத்திரத்தை மடித்துப் பையில் வைத்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குச் சாப்பாடு போட்டார்கள், பேச்சு இல்லை. சேகர் மனைவி தட்டைக் கொஞ்சம் சத்தத்தோடு வைப்பாள்.

காரைப் பார்க்கப் பின்கட்டுக்குப் போனேன். முன் பாதி வெண்ணெய் நிறத்தில் பளபளத்தது. பம்பரில் என் முகம் தெரிந்தது. பின் பாதி ரெட் ஆக்சைடு அடித்துச் செம்மண்ணாக நின்றது. பின்கதவு ஒன்று சுவரில் சாய்ந்திருந்தது. பின் சீட்டுக்குக் கீழே தரையே இல்லை; குனிந்தால் கொட்டகை மண் தெரிந்தது. பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தும் இவ்வளவுதானா என்று காசியிடம் கேட்டேன். கேட்ட தொனி நன்றாக இல்லை, எனக்கே தெரிந்தது.

காசி கையைத் துணியில் துடைத்தார். "நான் சோம்பேறின்னு நெனைக்கிறீங்களா மதாம்? ரெண்டு தடவ முழுசா முடிச்சேன். மொத தடவ பெயிண்ட் சரியில்லைன்னு பொறத்தாண்ட பூரா சுரண்டச் சொன்னாரு. நல்ல பெயிண்ட்டு. ரெண்டாவது தடவ, காலாப்பட்டு வரைக்கும் ஓட்டினு போயிட்டு வந்தோம், ஒரு சத்தம் கெடையாது. திரும்பி வந்து எறங்கறாரு, பின்னாடி தரையைக் கழட்டிடு காசின்னுட்டாரு."

"ஏன்?"

"அவரையே கேளுங்க. கிண்டலுக்குச் சொல்லல. முடிஞ்சிடுச்சின்னா அவருக்கு மூஞ்சி சின்னதாயிடும். எல்லாரும், எப்ப வந்து செட்டில் ஆவறீங்கன்னு கேப்பாங்க இல்ல? காரு முடியட்டும்னு சொல்லி வச்சிருந்தாரு."

வாங்க வந்தவர் பிள்ளைச்சாவடி தாண்டி ரோட்டோரமாக ஓட்டல் கட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, இரண்டு செல்ஃபோன். கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னைத் தாண்டி வீட்டுப் பக்கம் பார்த்தார்.

"சார் கிட்ட பேசலாங்களா?"

"சார் பேச மாட்டார். என்கிட்ட பேசுங்க."

"இல்ல, வெலை விசயம்..."

"அதுவும் என்கிட்டதான்."

அவர் முன்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார். ஓட்டல் வாசலில் நிறுத்தப்போகிறாராம், வருகிறவர்கள் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்களாம். ஓட்டப்போவதில்லை. "என்ஜினைக் கழட்டி நீங்களே வச்சிக்கலாம்மா. எனக்கு மேலாப்புல இருந்தாப் போதும்."

காசி உள்ளே ஏறி உட்கார்ந்து என்ஜினை முடுக்கினார். இரண்டு தடவை இருமியது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. ஓட்டல்காரர் ஒரு அடி பின்னால் போனார். காசி அவரைப் பார்த்தபடி அரை நிமிஷம் ஓடவிட்டு அணைத்தார்.

"என்ஜினோடதான் விக்கறேன்" என்றேன். காசிக்காகச் சொல்லவில்லை. அந்த ஆளுக்கு எதையாவது மறுக்க வேண்டும் போல இருந்தது. பேசி முடித்த விலை நான் நினைத்ததைவிடக் குறைவு, அவர் நினைத்ததைவிட அதிகம். இருவருக்கும் முகம் கடுகடுவென்று இருந்தது.

5

கார் கடைசியாகக் கொட்டகைக்குள் போனபோது இருந்த மூங்கில் படல் இப்போது இல்லை. நடுவில் சேகர் காம்பவுண்டு கட்டி இரும்புக் கேட் போட்டிருந்தார். இழுத்துப் போக வண்டி வந்த அன்று காசி நூல் பிடித்து அளந்தார். ஒரு சாண் இடிக்கும். ஒரு பக்கத் தூணை இடித்துத் திரும்பக் கட்டித் தருவதாகச் சொல்லி, கொத்தனாரை நானே கூப்பிட்டு வந்திருந்தேன். சேகர் கேட்டில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அண்ணன் எழுந்து வரட்டும். வந்து, வித்துடுன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நானே இடிக்கிறேன்."

"அவரு எழுந்து வரமாட்டாரு சேகர். டாக்டரே சொல்லிட்டாரு."

"கடைசிக் காலத்துல இங்க வந்து இந்தக் கார்ல பீச்சுக்குப் போவணும்னு இருந்தாரு. அந்த ஒண்ணையும் நீங்க விடமாட்டீங்க."

"நான் விடமாட்டனா?"

"பின்ன யாரு? எத்தினி வருசமா ஊருக்கு வரணும்னு துடிச்சாரு அந்த மனுசன். நீங்கதான் வரமாட்டேன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. ஊருக்கே தெரியும்."

தெருவில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். எதிர்வீட்டுப் பெண் பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டாள். யாருக்கும் இது புதுச் சேதியாகத் தெரியவில்லை.

"யார் சொன்னது?" என்றேன்.

"அண்ணந்தான். வேற யாரு சொல்லணும்? உங்க அம்மா படுத்திருந்தப்ப நான்தான் அவரை வண்டியில உக்கார வச்சி வில்லியனூரு கூட்டினு போனேன். அந்தம்மா அவர் கையப் புடிச்சிக்கினு, எம்பொண்ண இட்டாந்துடு மாப்பிளன்னு அழுவுது. இவரும் அழுவறாரு. 'நான் வரத்தான் பாக்கறேன், உங்க பொண்ணுக்கு அந்த ஊரு புடிச்சிப்போச்சி, அசைய மாட்டேங்கறா'ன்னாரு. எங் காதால கேட்டேன்."

என் காலுக்குக் கீழே ஒன்றும் ஆடவில்லை. தலை சுற்றவில்லை. எல்லாம் மிகத் தெளிவாகத் தெரிந்தது. கேட்டின் துரு, கொத்தனார் கையிலிருந்த கடப்பாரை, சேகர் சட்டையில் ஒரு பொத்தான் இல்லாதது. அம்மா கடைசி ஆறு மாதம் என்னிடம் ஃபோனில் ஏன் குறைவாகப் பேசினார் என்பதும் தெரிந்தது. நான் அதை மூச்சு வாங்குவதால் என்று நினைத்திருந்தேன்.

"திரும்பிப் போலாம்னு கேட்டது நான்" என்றேன். "மாட்டேன்னது அவரு. பென்சன் போயிடும்னு சொன்னாரு."

சேகர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம்கூட இல்லை. "ஆளு பேச முடியாம கெடக்கறாரு. இப்ப அவரு மேல பழியைப் போட்டா யாரு வந்து இல்லைன்னு சொல்லப்போறாங்க?"

அவர் சொன்னது நியாயம்தான். என்னிடம் சாட்சி இல்லை. நாங்கள் பேசியதெல்லாம் மூன்றாவது மாடிச் சமையலறையில், பிள்ளைகள் தூங்கிய பிறகு. காசி கொட்டகை வாசலில் நின்றிருந்தார். அவரைப் பார்த்தேன். அவர் கீழே பார்த்தார். "முடிச்ச வண்டியை ரெண்டு தடவ பிரிக்கச் சொன்னாரு சேகரு. வரணும்னு இருந்தவரு பிரிப்பாரா?" என்றார். சேகர் அவரைப் பார்த்து, உன் வேலையைப் பார் என்றார்.

நான் கொத்தனாரிடம் இடிக்கச் சொன்னேன். அவர் சேகரைப் பார்த்தார்.

"வீடு அண்ணன் தம்பி ரெண்டு பேர் பேருலயும் இருக்குது" என்றேன். "பாதிக் கேட்டு எங்களுது. அந்தப் பாதியத்தான் இடிக்கிறேன். தள்ளி நில்லுங்க."

சேகர் தள்ளி நின்றார். என் குரலில் என்ன இருந்ததோ, எனக்குத் தெரியவில்லை. தூண் விழ ஒரு மணி நேரம் ஆனது. செங்கல் தூசி காரின் வெண்ணெய் நிறத்தின் மேல் படிந்தது. காசி துடைக்கப் போனார், நான் வேண்டாம் என்றேன். இழுவை வண்டி அதைப் பின்னாலிருந்து தெருவுக்கு இழுத்தபோது, தரையில்லாத பகுதியிலிருந்து ஒரு ஸ்பேனர் உருண்டு விழுந்தது. காசி அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். யாருக்கும் வணக்கம் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றைக்கே வில்லியனூருக்குப் போய் அக்காவிடம் கேட்டேன். ஆமாம், அம்மா சொல்லும் என்றாள். "மாப்பிள்ள தங்கமானவரு, பொண்ணுதான் கல்லு மாதிரி ஆயிடுச்சின்னு சொல்லும். உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்னு வுட்டுட்டேன்." நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டாள். கேட்டுவிட்டு, "போவுது வுடு, அவரே படுத்துட்டாரு" என்றாள். அவளும் நம்பவில்லை.

6

திரும்பி வந்த மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். விமானத்தில் பத்து மணி நேரமும் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று அடுக்கிக்கொண்டு வந்திருந்தேன். ஜன்னல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முடி வெட்டியிருந்தார்கள். நான் போன ஐந்து வாரத்தில் கொஞ்சம் தேறியிருந்தார். வார்த்தைகள் வரத் தொடங்கியிருக்கின்றன என்று நர்ஸ் சொன்னாள்.

எதிரே உட்கார்ந்தேன். "காரை வித்துட்டேன்" என்றேன்.

தலையை மெல்ல ஆட்டினார்.

"அம்மா கிட்ட என்னா சொன்னீங்க?" என்றேன். "நான் வரமாட்டேங்கறேன்னு சொன்னீங்களா?"

அவருடைய இடது கை போர்வை ஓரத்தை மடித்தது, பிரித்தது, மறுபடி மடித்தது. மூன்று தடவை கேட்டேன். புரிந்தது என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக அந்த முகத்தைப் பார்க்கிறேன். புரியாதபோது அவர் என்னைப் பார்ப்பார். இப்போது ஜன்னலைப் பார்த்தார்.

அப்போது பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் வந்தாள். சின்னப் பெண், கையில் நோட்டு. என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டு அவர் பக்கம் குனிந்து, "மிசியே, இன்றைக்கு யார் வந்திருக்கிறார்கள்?" என்று கேட்டாள்.

அவர் உதடு கோணிக்கொண்டு அசைந்தது. நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு பிரெஞ்சில், ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னார்.

"என் மனைவி. என் காரை விற்றுவிட்டாள்."

அந்தப் பெண் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். இவ்வளவு நாளில் அவர் சொன்ன முதல் முழு வாக்கியம் இது என்றாள். என் தோளைத் தொட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மதாம், இது உண்மையாக நடந்ததா? சிலர் இந்தக் கட்டத்தில் நடக்காததை நடந்ததாகச் சொல்வார்கள். நான் சரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்" என்றாள்.

அவர் இப்போது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உண்மை" என்றேன். "இது மட்டும் உண்மை. எழுதிக்கொள்ளுங்கள்."

அவள் எழுதிக்கொண்டாள்.